புதுவையில் கூடும் தோழமை

புதுவைப் புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால், சற்றுத் தொலைவிலேயே இருதய ஆண்டவர் ஆலயம் கண்ணிற்படும். 1907-இல் கட்டி முடிக்கப்பெற்று, 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற கோதிக் பாணிக் கோயில் அது. அங்கிருந்து நகரினுள் நடந்தால் மதுக்கடைகளும் கண்ணிற்படவே செய்யும். 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் அது இல்லை. எல்லை கடந்து வந்து குடிக்கும் வழக்கம் பழையது.

அதே நகரில் குடியை விட்டவர்களும் கூடுகின்றனர். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளர் இருவரின் சந்திப்பில் பிறந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோழமை, 1957-இல் இந்தியாவிலும் கால்கொண்டது. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பமே தகுதி.

அதற்கு முன்பே, 1840-இல், பால்டிமோர் நகரில் குடிகாரர் அறுவர் தொடங்கிய வாஷிங்டனியர் இயக்கம் இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. ஆயினும் பொது விவாதங்களில் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே சிதைந்தது. ஆகவேதான் இத்தோழமை 1950-இல் ஏற்றுக்கொண்ட பன்னிரு மரபுகளுள் ஒற்றுமையை முதலாவதாக வைத்தது. அரசியல், சமயச் சர்ச்சைகளில் தலையிடுவதையும் விலக்கியது.

காரணம் எளிது. பதவிக்காகவோ பணத்துக்காகவோ ஒரு குழு பிளவுபட்டால், நடுங்கும் கைகளோடு அன்று முதன்முறையாக வருகிறவர் பூட்டிய கதவையே காண்பார். அவர் திரும்பிச் செல்லும் தெருவில் மதுக்கடை திறந்திருக்கும். இல்லத்திலோ மனைவியும் மக்களும் காத்திருப்பர்.

ஓருறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்று கொரிந்தியருக்குப் புனித பவுல் உணர்த்தினார். நம் பங்கு அன்பியங்களும் சங்கங்களும் இதனைச் சிந்திப்பது நலம்.