மூன்று நூல்கள், ஒரு சாட்சி



எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கிறிஸ்தவரானவர் என் கொள்ளுத் தாத்தாவின் பாட்டனார். 1841-ஆம் ஆண்டில் அவருக்கு ரேனியஸ் ஐயரே ஞானஸ்நானம் கொடுத்தார் என்று கேட்டே வளர்ந்தேன். ஊர்ச் சபையின் நூற்றாண்டு விழா மலரில் அது அச்சாகியிருந்தது. பின்னர் வெளிவந்த குடும்ப வரலாற்று நூலிலும், உறவினர் ஒருவரின் நினைவு மலரிலும் இருந்தது. மூன்று நூல்கள் சொல்லும்போது ஐயம் எதற்கு? பிரசங்க பீடத்திலிருந்தும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் குடும்ப நூலின் மறுபதிப்புக்கு முகவுரை கேட்டார்கள். எழுத அமர்ந்தபோதுதான் ஆண்டைக் கவனித்தேன். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் 1838-இல் அங்கேயே மரித்துவிட்டார். மரித்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் எவ்வாறு ஞானஸ்நானம் கொடுத்திருக்கக் கூடும்?

மூன்று நூல்களையும் அருகருகே விரித்தேன். விழா மலரில் எங்கள் மூதாதையின் பெயரில் ஓரெழுத்து பிழையாக அச்சாகியிருந்தது. மற்ற இரண்டிலும் அதே பிழை! பார்த்தெழுதியவர்கள் பிழையையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். உபாகமம் இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. என்னிடம் இருந்ததோ மூன்று அட்டைகளுக்குள் ஒரே சாட்சி. அந்தச் சாட்சியும் நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பின்பு எழுதியது.

பின்பு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி பெற்றேன். ஆண்டு 1841 தான். பெயரும் ஊரும் சரி. ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் வேறொரு குருவின் கையொப்பம். பதிவேட்டையும் முழுவதும் நம்பிவிடலாகாது; வயது 30 என்று எழுதியிருக்கிறது, அதற்கு மேலும் கீழும் உள்ளவர்களுக்கும் முப்பது, நாற்பது என்றே இருக்கிறது. பிறந்த நாள் தெரியாத மனிதரைப் பார்த்து மதிப்பிட்ட வயது அது. ஆனால் கொடுத்தவர் தம் பெயரை அன்றே தாமே எழுதினார். அதில் அவர் தவறியிருக்க வழியில்லை.

எண்பத்தாறு வயது அத்தையிடம் இதைச் சொல்வதே கடினமாயிருந்தது.

“அப்ப எங்க அப்பா பொய்யா சொன்னாவ?”

“இல்ல அத்தை. தாத்தா கேட்டதைத்தான் சொன்னாங்க. அச்சுல போட்டவங்க சரிபார்த்திருக்கணும். பிரசங்கத்துல சொன்ன நானும் பார்த்திருக்கணும்.”

ரேனியஸ் அனுப்பிய உபதேசியார் எவரேனும் எங்கள் ஊருக்கு வந்திருக்கலாம். அந்த நினைவே பின்னாளில் இப்படி உருமாறியிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. ஆகையால் முகவுரையில் சேர்க்கவில்லை. பதிவேட்டில் கண்டதையும் அதன் பக்க எண்ணையும் எழுதியிருக்கிறேன். பீடத்தில் நான் சொன்னதை வருகிற ஞாயிறு அங்கேயே திருத்துவேன்.

அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தாமாகவே தொலைபேசியில் அழைத்தார்கள்.

“அந்த ஐயர் யாருப்பா? எந்த ஊருக்காரவ?”

தேடிக்கொண்டிருக்கிறேன்.