பாங்காக்கில் ஒரு நண்டு ஆம்லெட்டும் பேத்தியின் படிப்பும்



போன மாதம் குடும்பத்தோடு பாங்காக் போய் வந்த படங்களைப் போட்டிருந்தேன். சிலோம் சாலை மாரியம்மன் கோயில், படகுப் பயணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "சார், பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கும் அந்த அம்மா யார்?" என்றுதான் பலரும் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

அவரை ஜே ஃபாய் என்கிறார்கள். நம் மொழியில் 'மச்சக்கார அக்கா' என்று சொல்லலாம். சொந்தப் பெயர் சுபின்யா ஜுன்சுதா. வயது எண்பதை ஒட்டியிருக்கும். தாயார் தெருவில் சமைத்து விற்றவர். இவர் முதலில் தையல் வேலை செய்திருக்கிறார். ஒரு தீ விபத்தில் உடைமைகள் எல்லாம் போக, அம்மாவின் அடுப்புக்கு வந்து சேர்ந்தார். மிச்லின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறதே, அது பாங்காக்குக்கு முதல் பட்டியல் வெளியிட்டது 2017 டிசம்பரில். அதிலேயே இவருடைய தெருக்கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்த பிறகு உலகம் முழுக்கப் பேர் பரவிவிட்டது.

எங்கள் வீட்டில் அந்தத் தொடரைப் பார்த்தவள் பேத்தி. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். மகன் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். அவளுக்கோ சமையல் படிக்க வேண்டும். தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வையும் எழுதி வைத்திருந்தாள். இரண்டு மாதமாக வீட்டில் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாங்காக் டிக்கெட் முன்பே போட்டது என்பதால்தான் எல்லோரும் ஒரே விமானத்தில் ஏறினோம்.

கடை மகாசாய் சாலையில் இருக்கிறது. சின்ன இடம், சில மேசைகள்தான். காலையிலேயே போய்ப் பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மே மாத வெயில். என் வீட்டம்மா, "ஏங்க, சோறு திங்க இவ்வளவு நேரம் நம்ம ஊரு கல்யாண வீட்ல கூட நின்னதில்லைங்க" என்றாள். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமைக்கும் இடம் வெளியிலிருந்தே தெரியும் என்பதால் பேத்தி அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? அவளிடம் ஒரு துண்டுத்தாளும் பேனாவும் கொடுத்து, "பாப்பா, ஒரு மணி நேரம் அந்தம்மாவை மட்டும் பாரு. எத்தனை தடவை உட்கார்றாங்க, எத்தனை தடவை தண்ணி குடிக்கிறாங்க, எத்தனை தடவை அடுப்பை விட்டு நகர்றாங்கன்னு கோடு போடு" என்றேன். உங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் மாதிரிதான்.

நானும் பார்த்தேன். கரி அடுப்புகள். அதன்மேல் இருப்புச்சட்டி, அது நிறைய எண்ணெய். அடித்த முட்டையோடு நண்டுச் சதையைக் கைநிறையக் கலந்து எண்ணெயில் ஊற்றி, கொதிக்கும் எண்ணெயை மேலே வாரி வாரி விட்டு, தலையணை மாதிரி உருட்டி எடுக்கிறார். எண்ணெய் தெறிக்கும் என்பதற்குத்தான் அந்தப் பெரிய கண்ணாடி. படத்துக்காகப் போட்டுக்கொண்டது இல்லை. உதவிக்கு ஆட்கள் உண்டு. ஆனால் சட்டியைப் பிடிக்கும் கை அவருடையதுதான்.

எங்கள் முறை வந்தது. இரண்டு ஆம்லெட், இரண்டு தட்டு இறால் போட்ட நூடுல்ஸ் சொன்னோம். ஒரு ஆம்லெட் விலை 1,000 பாட்டுக்கு மேல். நம் காசில் 2,500 ரூபாயைத் தாண்டும். மகன் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் நூடுல்ஸைப் பார்த்தேன்.

ஆனால் எங்கள் வீட்டம்மா நாகப்பட்டினத்துக்காரி. நண்டு அவளுக்குப் புதிதா? வெட்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பெரிய சதைத் துண்டுகள். விரலால் தடவிப் பார்த்தாள். "இதுல ஒரு சில்லு ஓடு கூட இல்லைங்க. இவ்வளவு சதை உடையாம எடுக்க எத்தனை நண்டு, எத்தனை மணி நேரம் தெரியுமா? காசு முட்டைக்கு இல்லை" என்றாள். அந்த மேசையில் விலையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. ருசி எப்படி என்றால், மேலே மொறுமொறுப்பு, உள்ளே இனிப்பான நண்டு. மிளகாய் சாஸ் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிறார்கள். அது இல்லாமலே நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பேத்தி தாளை என்னிடம் நீட்டினாள். உட்கார்ந்தது: பூஜ்யம். தண்ணீர்: இரண்டு. அடுப்பை விட்டு நகர்ந்தது: ஒன்று. அதற்குக் கீழே நான் சொல்லாத ஒரு வரியும் இருந்தது. கரியைத் தள்ளியது, சேர்த்தது: முப்பத்தொன்று. "தாத்தா, அவங்க சட்டியைவிட நெருப்பைத்தான் அதிகமா பார்க்கிறாங்க. கேஸ் மாதிரி திருகிக் குறைக்க முடியாதுல்ல" என்றாள்.

மகன் அந்தத் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரிப்பா. பேர் வாங்கினது இவங்க ஒருத்தர். பேர் வாங்காம இதே மாதிரி நின்னு நின்னு கால் வீங்கினவங்க எத்தனை ஆயிரம் பேர்? அதை யார் படம் எடுத்தாங்க?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அதை நான் மறுக்கவில்லை. அந்த அம்மாவே நட்சத்திரம் வந்தபின் கூட்டத்தின் தொல்லை தாங்காமல், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது என்று பேட்டி கொடுத்தவர்தான். நான் பேத்தியிடம் சொன்னது இதுதான்: "அப்பா சொல்றது சரி. நட்சத்திரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே. அதை அடிச்சுட்டு மிச்சம் என்ன இருக்குன்னு பாரு. வெக்கை, எண்ணெய், நாள் முழுக்க நிற்கிறது. அந்த மிச்சம் உனக்குப் பிடிச்சா படி. நட்சத்திரம்தான் பிடிச்சிருக்குன்னா வேண்டாம்." இன்ஜினியரிங்குக்கும் வாத்தியார் வேலைக்கும் எனக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

அவள் உடனே தலையாட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு விடுதியில் மகனே ஒரு வழி சொன்னான். "ஊருக்குப் போனதும் நம்ம பக்கத்துக் கல்யாண சமையல் மாஸ்டரோட வைகாசி முகூர்த்தம் முடியுற வரைக்கும் வேலைக்குப் போகட்டும். சுற்றிப் பார்க்க இல்லை, வேலைக்கு. அப்புறம் பேசலாம்." இரண்டு மாதத்தில் அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

இப்போது மூன்று முகூர்த்தம் முடிந்திருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபம். முதல் நாள் 40 கிலோ வெங்காயம். இரண்டாவது மண்டபத்தில் சாம்பார் அண்டா பக்கத்தில் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். அவள் அம்மா அழுதாள். அப்பாயி மருந்து தடவிவிட்டு, "நாளைக்கும் போறியா?" என்று மட்டும் கேட்டாள். போனாள். மகன்தான் தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். நேற்று மாஸ்டர் அவனிடம், "பொண்ணு ரசத்துக்கு எப்ப தீயைக் குறைக்கணும்னு கேக்குது சார். இங்க வேலைக்கு வந்த யாரும் இதுவரைக்கும் அதைக் கேட்டதில்லை" என்றாராம். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவன் குரல் எப்படியோ இருந்தது. முடிவு எதுவும் சொல்லவில்லை. தரமணி ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் என்னிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறான்.

இப்போது உதவிக்கு வருகிறேன். உங்களில் சிங்கப்பூரில் பரோட்டா மாஸ்டராக இருப்பவர், கப்பலில் சமையல் பார்த்தவர், திருச்சியில் மெஸ் நடத்துபவர், கேட்டரிங் படித்துவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர் என எல்லோரும் இருக்கிறீர்கள். என் பேத்தியிடம் பத்து நிமிடம் போனில் பேச முடியுமா? உள்பெட்டியில் எண் கேளுங்கள், தருகிறேன். சம்பளம், நேரம், கால்வலி, பெண்பிள்ளைகளுக்கு அங்கே இருக்கும் கஷ்டம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிடித்ததையும் சொல்லுங்கள். தொழிலை விட்டுப் போனவர் அவசியம் பேசுங்கள். அவர் சொல்வதை மகனும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

கவுன்சலிங்குக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. மறக்காமல் கூப்பிடுங்கள் பிள்ளைகளே.