ஒரே சுவருக்கு இரண்டு அளவு

மணப்பாறையில் குளித்தலை செல்லும் சாலையிலோ துவரங்குறிச்சி செல்லும் சாலையிலோ ஒரு மனையை வாங்கி வீடு கட்ட முற்படுகிறவர் கையில், கணிப்பொறியில் வரைந்த பிளான் வந்து சேரும்போது, அதிலுள்ள ஒவ்வோர் அளவுக்கோட்டின் மேலும் 3048 என்று மில்லிமீட்டரில் ஓர் எண்ணும், பக்கத்திலேயே சதுர அடைப்புக்குறிக்குள் 10 அடி என்று மற்றோர் எண்ணும் நிற்பதைக் காண்பார். கண்டவர்களில் பெரும்பாலோர் அடைப்புக்குள் இருப்பதை மட்டும் படித்துவிட்டு மற்றதைக் கவனியாமல் விட்டுவிடுவார்கள். என் தம்பி மகன் வீட்டுக்கென வந்த படத்தில் இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்ததிலிருந்து, ஒரே சுவருக்கு இரண்டு அளவு எழுதும் இந்தச் சம்பிரதாயம் எங்கே தொடங்கியது என்று விசாரித்தறிய வேண்டும் என்னும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

முதலில் படத்தை வரைந்த இளைஞரிடமே கேட்டேன். அவர் தம் கணிப்பொறியில் ஆட்டோகேடைத் திறந்து, பொறுமையாக விளக்கினார். 1982-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பிறந்த அந்த மென்பொருள், படம் தொடங்கும்போதே அங்குலத்திற்கு ஒன்றும் மில்லிமீட்டருக்கு ஒன்றுமாக இரண்டு மாதிரிக் கோப்புகளை நீட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், 'ஆல்டர்நேட் யூனிட்ஸ்' என்னும் வசதியை இயக்கினால், மற்ற அளவு அடைப்புக்குறிக்குள் தானே வந்து அமர்கிறது. அங்குலத்தில் வரைந்தவர் 25.4 ஆல் பெருக்கச் சொல்ல வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்தவர் அதன் தலைகீழ் எண்ணை இட வேண்டும். இந்த வசதி நமக்காகச் செய்யப்பட்டதன்று. 1975-இல் மெட்ரிக் மாற்றச் சட்டம் ஒன்றை இயற்றியும் அதைக் கட்டாயமாக்காமல் விட்டுவிட்ட ஒரு தேசத்தில் உருவான கருவிக்கு, இரண்டு பாஷையும் தெரிந்திருக்க வேண்டியது அவசியமாயிற்று. ஆனால் அந்த தேசத்தின் தேவை மணப்பாறையின் தேவையாக எப்படி ஆயிற்று என்பதற்கு மென்பொருளில் விடை இல்லை.

ஆகவே சட்டங்களின் பக்கம் திரும்பினேன். 1871-இலேயே, மேயோ பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், கிலோகிராமுக்குச் 'சேர்' என்று பெயரிட்டு எடைக்கும் முகத்தலுக்கும் மெட்ரிக் முறையைக் கொண்டுவரச் சட்டம் இயற்றப்பட்டு, அது காகிதத்தோடு நின்றுபோயிற்று. நீட்டலளவைக்கோ 1889-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் கஜத்தையே பிரமாணமாக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு அடி, முப்பத்தாறில் ஒரு பங்கு அங்குலம் என்று நிர்ணயித்தது. சுதந்திரத்திற்குப் பின், 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி 1958 அக்டோபர் முதல் மீட்டரும் கிலோகிராமும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. படியும் வீசையும் பலமும் ஒரு தலைமுறைக்குள் கடைத்தெருவை விட்டுப் போயின. துணிக்கடையில் கஜம் போயிற்று. கட்டட வேலையில் மட்டும் அடி அசையவில்லை.

இது ஏன் என்று மேஸ்திரிகளிடம் கேட்டபோதுதான் விஷயம் தெளிவடையத் தொடங்கிற்று. அவர்கள் மெட்ரிக் முறை அறியாதவர்கள் அல்லர். "எட்டு எம்.எம். கம்பி, ஆறு இன்ச்சுக்கு ஒரு ரிங்" என்று ஒரே மூச்சில் இரண்டு முறைகளையும் சேர்த்துச் சொல்லி, ஒரு பிழையுமின்றி வேலையை முடிக்கிறார்கள். ஆலையிலிருந்து 12 மீட்டர் நீளத்தில் வரும் கம்பியை 'நாற்பதடிக் கம்பி' என்கிறார்கள். அது உண்மையில் முப்பத்தொன்பது அடி நான்கு அங்குலத்திற்குச் சற்று மேல் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பிளைவுட் பலகையின் நீள அகலம் எட்டுக்கு நாலு அடி, கனம் 18 எம்.எம். மணல் யூனிட் கணக்கு, அதாவது நூறு கன அடி. அங்குலத்தில் எட்டில் ஒன்றுக்கு நூல் என்று பெயர் வைத்து, சுவர் இரண்டு நூல் சாய்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிற ஒருவருக்கு, ஆறு மில்லிமீட்டர் என்னும் சொல் புதிதாக எதையும் கற்றுத் தருவதில்லை. நான் பேசிய மேஸ்திரி ஒருவர் இடுப்பில் செருகியிருந்த டேப்பில் ஒரு விளிம்பில் சென்டிமீட்டரும் மறு விளிம்பில் அங்குலமும் இருந்தன. கணிப்பொறி நம் ஊருக்கு வருவதற்கு முன்பே இரண்டு அளவும் சேர்ந்து இருந்த இடம் அதுதான்.

அடி நிலைத்ததற்கு இன்னும் ஆழமான காரணம் மனையடி சாஸ்திரம். அறையின் உள்ளளவு 10, 11, 16 அடியாக இருந்தால் விசேஷம், 9 அடியும் 12 முதல் 15 அடி வரையும் ஆகாது என்று நம்புகிற குடும்பத்திற்கு, 3000 மில்லிமீட்டர் என்று முழு எண்ணில் ஓர் அறையை வரைந்து கொடுத்தால், அது ஒன்பது அடி பத்து அங்குலமாகி ஆகாத கணக்கில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் 3048 என்னும் அந்த விசித்திரமான எண் படத்தில் வருகிறது.

இந்த அடி நம் முன்னோர் கையாண்ட அடிதானா என்னும் சந்தேகத்தோடு ஸ்ரீரங்கத்தில் ஸ்தபதி ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் காட்டிய தச்சு முழக்கோல் இன்றைய டேப்பில் 33 அங்குலம்; அதை இருபத்துநான்காகப் பகுத்தால் வருவதுதான் அவர்களுடைய அங்குலம். அது டேப்பின் அங்குலத்தைவிட மூன்று நூல் பெரியது. ராஜராஜன் காலத்தில் நிலமளந்த உலகளந்த கோலோ பதினாறு சாண். ஆகவே, பரம்பரையாக வந்ததென்று நாம் பற்றிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு அங்குல அடி, ஆங்கிலேயர் கஜத்தின் மூன்றில் ஒரு பங்கே. சாஸ்திரம் பழையதாயினும், அதை இன்று நாம் அளந்து பார்க்கும் கோல் 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கோல். என் தேடலில் எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது இதுவே.

ஆயினும் அந்த அடியை அந்நியம் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. மெட்ரிக் சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1987-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரத்தை ஊரார் 236 அடி என்கிறார்களேயன்றி 72 மீட்டர் என்று சொல்லக் கேட்டதில்லை. பட்டாவில் நிலம் ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்க, கிரயப் பத்திரத்தில் பத்திர எழுத்தர் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்றே எழுதுகிறார். 2024-இல் தமிழக அரசு சுயசான்று முறையில் உடனடி அனுமதி அறிவித்தபோதுகூட, 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடிக் கட்டடம் என்றுதான் மக்களுக்குச் சொல்லிற்று.

எனவே இரண்டும் படத்தில் இருக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அவ்விரண்டில் ஒன்றுதான் வரைந்தவர் இட்ட அளவு. மற்றது பெருக்கி, கிட்டிய பின்னத்திற்குத் திருத்திப் பெற்றது. பெருக்கும் எண்ணை 0.03937 என்று இடாமல் 0.0394 என்று சுருக்கி இட்டால், பத்து மீட்டர்ச் சுவரில் இரண்டு நூலுக்கு மேல் அங்குலக் கணக்கு மிகுந்துவிடும். சரியாகவே இட்டாலும், அறை அறையாகத் திருத்திய அங்குலங்களைக் கூட்டினால் வீட்டின் மொத்த நீளம் சில சமயம் வராது. எதிர்வீட்டில் படிக்கட்டு வைத்த மேஸ்திரியும் கொத்தனாரும் ஆளுக்கோர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடியதை நான் நேரில் பார்த்தேன். படம் வரையும் தம்பி தங்கையர் ஒவ்வொரு தாளின் மூலையிலும், இப்படத்தில் எந்த அளவு மூலம், எது பெயர்த்தது என்பதை ஒரு வரியில் தமிழில் எழுதிவிட வேண்டும். வீடு கட்டுகிறவர்களும் அந்த வரி இல்லாத படத்தை ஏற்காமல் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்க வேண்டும்.