உவர்நீரும் ஓர் அம்பாஸடரும்

பொம்மையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாஸடர், 1998இல் அப்பா வாங்கியது. உத்தரபாராவில் அந்தக் காரின் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஒரு முறை, பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று 2023 வரை மூன்று தடவை அதன் பதிவைப் புதுப்பித்திருக்கிறோம். அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. ஓட்டுபவன் நான். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்கு வரும் தம்பி, "இன்னும் இத விக்கலியா?" என்று கேட்பான். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். இதைச் சொல்லாவிட்டால் நான் செய்த மடமை விளங்காது.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் எஞ்சினுக்கு நேர் கீழே சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அளவு ஈரம் கண்டேன். தொட்டால் வழவழத்தது, இளம் பச்சை நிறம். கூலன்ட். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது நீர்மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. வாளியிலிருந்து போர் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். நிரம்பியது. வண்டியும் ஓடியது. அடுத்த வாரமும் அப்படியே ஊற்றினேன். பிறகு ஐந்து லிட்டர் கேன் ஒன்று டிக்கியில் நிரந்தரமாகக் குடியேறியது.

ஏன் மெக்கானிக்கிடம் போகவில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை வேறு. அவர் பானெட்டைத் திறந்தால் கசிவை மட்டும் பார்க்க மாட்டார், வண்டி முழுவதையும் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தம்பி சொல்வதையே அவரும் சொல்லிவிடுவார் என்று அஞ்சினேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் எழுவதற்கு முன்பே தரையைத் துடைத்துவிடுவேன்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இப்படி ஊற்றிக்கொண்டே போவதுதான் முறை. கார்ல் பென்ஸின் வண்டியில் எஞ்சினைக் குளிரவைத்த நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். 1888இல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு அதை ஓட்டிச் சென்றபோது, வழியெல்லாம் தண்ணீர் தேடி நிற்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த வண்டிகளில் நீர் மூடப்பட்ட சுற்றுக்குள் அழுத்தத்தோடு ஓடுகிறது. வெளியழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 120 வரை தாங்கும். ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில்லின் வேலை அந்த அழுத்தத்தைக் காப்பதுதான். கசிவு சிறிதானாலும் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும். போவது ஒரு குவளைத் தண்ணீர் மட்டுமன்று என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சித்திரையில் மரக்காணத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். திரும்பும்போது நண்பகல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளங்களைத் தாண்டி முடிவதற்குள் டெம்பரேச்சர் முள் எழத் தொடங்கியது. ஹீட்டர் உள்ள வண்டியானால் அதைப் போட்டுச் சிறிது சூட்டை இறக்கலாம். எங்களுடையதில் அது இல்லை. ஓரங்கட்டி நிறுத்தினேன். பானெட்டின் இடுக்குகளில் ஆவி. பதற்றத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியில் கை வைத்துவிட்டேன்.

அப்பா எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அந்தப் பிடியில் நடுக்கமே இல்லை.

"தொறக்காத. மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்."

ஆறும்வரை வேறு வேலை இல்லை. கொதித்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடக்கூடும். உப்பு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "ஒரு கைப்பிடி மஞ்சத்தூள் போடுங்க பெரியவரே, அடைச்சிக்கும்," என்றார். நெடுஞ்சாலை மருத்துவம், பலிப்பதும் உண்டு. "அடைக்கும்பா. எல்லாத்தையும் சேத்து அடைக்கும்," என்று அப்பா சிரித்தார்.

லாரி போன பிறகு என்னைப் பாராமலே கேட்டார்.

"எத்தினி மாசமா ஊத்தற?"

"ஆறு மாசம்பா."

"எந்தத் தண்ணி?"

"நம்ம போர் தண்ணி."

எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் கோடையில் வாயில் வைக்க முடியாது. பாத்திரத்தில் காய்ச்சினால் வெள்ளை படியும். பாத்திகளில் மின்னிக்கொண்டிருந்த உப்பை அப்பா கை நீட்டிக் காட்டினார்.

"அவன் வெளியில வெச்சுக் காயவெக்கிறான். நீ உள்ள வெச்சுக் காச்சியிருக்க."

தமிழ்நாட்டில் உப்புக்குத் தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் அடுத்துப் பெயர்பெற்றது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று கொள்வோர் உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று முன்பே நினைத்தவர்கள் அவர்கள். என் டிக்கியில் இருந்ததோ ஐந்து லிட்டர் உவர்நீர். அந்த நேரத்தில் இந்தப் பாடல் நினைவுக்கு வந்திருக்க வேண்டாம்.

முக்கால் மணி நேரம் கழித்து மூடியைச் சிறிது சிறிதாகத் திருகி, நீர் நிரப்பி, ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவைத்து, கூனிமேடு, காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி என்று ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். அப்பா வழியில் எதுவும் பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக் கைப்பம்பால் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தார். மூல காரணம் கீழ் ஹோஸின் கிளிப். துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. கார்த்திகையில் போயிருந்தால் ஒரு புதுக் கிளிப்போடு முடிந்திருக்கும். இப்போது ஹோஸைக் கழற்றியபோது உட்சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஏடு. தெர்மோஸ்டாட் திறக்க முடியாமல் உப்பில் இறுகிக் கிடந்தது. ரேடியேட்டரின் செம்புக் குழாய்கள் பாதி அடைத்து, இரண்டு இடங்களில் அரித்திருந்தன. அதை இறக்கிச் சுத்தம் செய்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். வடித்த நீரைத் தட்டில் பிடித்து, தெருநாய் எட்டாதபடி உயரத்தில் வைத்தார். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். ஆறு மாதம் எங்கள் வாசலில் சொட்டியதை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியமன்று.

"இனிமே காய்ச்சி வடிச்ச தண்ணியும் கூலன்டும் கலந்து ஊத்துங்க சார். இன்னொரு தபா இப்பிடி சூடானா ஹெட் கோணிக்கும். அப்புறம் என் கையில இல்ல," என்றார். விற்றுவிடச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பில் எழுதப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் இரவில் எஞ்சினுக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து வைக்கிறோம். காலையில் நான் எழுவதற்கு முன்பே அப்பா கைத்தடியால் அதை வெளியே இழுத்து, குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிடுகிறார். போன வாரம் அதில் ஒரு சொட்டு இருந்ததாம். எண்ணெய்தான், தண்ணீர் இல்லை என்று சொல்லி, அட்டையை என் அறை வாசலில் சாய்த்து வைத்திருந்தார்.