தக்காளி வண்டியும் தொப்பூர் இறக்கமும்

வைகாசி, வெள்ளிக்கிழமை

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பிய குட்டி யானை வண்டி, தர்மபுரியைத் தாண்டி, பாளையம் டோல்கேட்டையும் தாண்டியாயிற்று. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு சட்டென்று சிவந்தது. லாரி மெதுவானது, பிறகு போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் குட்டி யானை ஓட்டியவருக்கு அந்த நொடியில் நெஞ்சு திடும் திடுமென்று அடிக்க ஆரம்பித்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போய், உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. தொண்டை அடைத்தது. மாரடைப்புதான், கதை முடிந்தது என்று மனசு அடித்துச் சொன்னது.

எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தினார். கூட வந்த பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "என்னாச்சுண்ணா?" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் குறிப்புகளில் வரும் 'அவர்' பெயரில்லாதவர். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்கும் பலரின் அனுபவம் சேர்ந்து உருவானவர். சாலை மட்டும் அசல். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகும் வண்டிகளை வரிசையாக இடித்துத் தள்ளும் விபத்துக்குப் பேர்போன இறக்கம் இது. இரட்டைப் பாலம் என்றால் இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அதே நாள், மதியம்

அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் படுக்க வைத்து, மறுபடி ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இதைச் செய்தது மிகச் சரி. முதல் தடவை நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் வந்தால், இது பதற்றம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு படுத்துவிடக் கூடாது. இதயம், தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர முடியும்.

தகராறு அதற்கப்புறம் ஆரம்பமாகிறது. "உங்களுக்கு ஒண்ணுமில்ல, கேஸ் டிரபிளா இருக்கும், போய் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். செத்துப்போவோம் என்று நினைத்த மனிதனிடம் ஒன்றுமில்லை என்றால் அவர் என்ன செய்வார்? ஒன்று, டாக்டருக்குத் தெரியவில்லை என்பார். இல்லையென்றால் தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்பார். வீட்டுக்கு வரும் வழியில் அவர் இரண்டையும் நினைத்தார்.

வைகாசி, அடுத்த வாரம்

சோடா குடித்துப் பார்த்தார். பெருங்காயத்தை மோரில் கலக்கிக் குடித்தார். வாயு என்றால் ஏப்பத்தோடு போக வேண்டும், இது போகவில்லை. கடையில் டீ குடிக்கும்போது ஒரு தடவை வந்தது, டிவி பார்க்கும்போது ஒரு தடவை. பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணியில் வடிந்து, அன்றைய நாளையே சக்கையாக்கிவிட்டுப் போனது.

அவர் கண்டுபிடித்த மருந்து, தொப்பூரைத் தவிர்ப்பது. அரூர் போய், பாப்பிரெட்டிப்பட்டி வழியாக மஞ்சவாடி கணவாயில் இறங்கிச் சேலம் சேர்வது. டீசல் கூடுதல், நேரம் கூடுதல், மண்டிக்காரரின் திட்டும் கூடுதல். ஆனாலும் முதல் நாள் நிம்மதியாக இருந்தது. சில நாளில் மஞ்சவாடியிலும் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அப்புறம் தனியாக வண்டி எடுப்பதில்லை. அப்புறம் சேலம் லோடே வேண்டாம், உள்ளூர் நடை போதும் என்றார். மச்சினன் கல்யாணத்துக்குப் போய், மண்டபத்தில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பந்திக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

பீதித் தாக்குதல், ஆங்கிலத்தில் பேனிக் அட்டாக் என்று டாக்டர்கள் சொல்லும் இது, வந்து போகும் நிமிடங்களில் ஆளைக் கொல்வதில்லை. ஆனால் அது மறுபடி வந்துவிடுமோ என்று விட்டுக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றனவே, அவைதான் பிழைப்பைத் தின்கின்றன. முதலில் ஒரு சாலை, பிறகு ஒரு ஊர், கடைசியில் வீட்டு வாசல்.

தேய்பிறை அஷ்டமி

அம்மா அதியமான்கோட்டைக்கு அழைத்துப் போனார். அங்குள்ள காலபைரவர் பயம் போக்குகிற சாமி. சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி எண்ணெய் ஊற்றி விளக்கேற்றி, கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றி வந்தார்கள். பெங்களூர், ஓசூர் பதிவெண் கார்கள் சாலையோரம் நெடுக நின்றன.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் வீட்டை விட்டு வெளியே வர மறுத்தவர், அன்று அத்தனை பெரிய நெரிசலில் நின்றார். நடுவில் ஒரு தடவை படபடத்தது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், அடங்கியது. எந்தச் சிகிச்சையாளரும் இதைக் குறை சொல்ல மாட்டார். "கண்ணு, சாமியும் பாத்தாச்சு, டாக்டரையும் பாத்துடலாம்" என்று திரும்பும்போது சொன்னவரும் அம்மாதான்.

ஆனி, திங்கள்

டாக்டருக்கு முன்னால் ஒரு மாத்திரை வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் வராமல் போடுகிற அல்பிரசோலம். போட்ட அரை மணியில் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. இதுவல்லவா மருந்து என்று தோன்றியது. சட்டைப் பையில் ஒரு அட்டை இல்லாமல் வெளியே இறங்குவதில்லை என்றாகிவிட்டது.

அல்பிரசோலம் கெட்ட மருந்தல்ல. டாக்டர் அளந்து, கொஞ்ச நாளுக்கு எழுதித் தருவது உண்டு. ஆனால் பழகிவிடும், அளவு கூடும், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கக் கலக்கம் தரும். தொப்பூர் இறக்கத்தில் கண் சொருகும் ஓட்டுநர், நெஞ்சு படபடக்கும் ஓட்டுநரைவிடப் பல மடங்கு ஆபத்தானவர்.

ஆனி, புதன் இரவு

அவர் மனைவி போனில் 14416 அடித்தார். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளில், மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர்.

"ஏங்க, நீங்களே பேசுங்க" என்று போனை அவர் கையில் திணித்தார் மனைவி. மறுமுனையில் இருந்த பெண் முதலில் பெயரைக்கூட வற்புறுத்தவில்லை. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "செத்துருவேன்னு நெனச்சேன்" என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லி, என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார் அந்தப் பெண்.

பெங்களூர் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் குறைகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது அது. தர்மபுரியிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் நிம்ஹான்ஸ் வாசலுக்கே போய்விடலாம். தூரம் மட்டும் காரணமில்லை என்பதற்கு இந்த வீடே சாட்சி.

ஆனி, வெள்ளி

ஓ.பி. வரிசையில் தலையைக் குனிந்துகொண்டே நின்றார், ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. ஆம்பளைக்கு இதெல்லாம் வருமா என்ற கேள்வி வேறு உள்ளே ஓடியது. வரும். ஆறரை அடிக்கு மேல் உயரமான அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் லவ், 2017 நவம்பர் 5-ஆம் தேதி ஆட்டத்தின் நடுவில் மூச்சு முட்டி உள்ளே ஓடி, பயிற்சி அறைத் தரையில் விழுந்து கிடந்தார். மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. சில மாதம் கழித்து அவரே அதை எழுதினார். 2004 ஜூன் 7 அன்று டான் ஹாரிஸ் என்ற செய்தியாளருக்கு நேரலையில், செய்தி வாசிக்கும்போதே வந்தது. பாதியில் நிறுத்திவிட்டுச் சக அறிவிப்பாளர்களிடம் ஒப்படைத்தார். 1871-இலேயே டா கோஸ்டா என்ற மருத்துவர், அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இதயத்தில் கோளாறு தென்படாமலே நெஞ்சு படபடப்பதைப் பதிவு செய்திருக்கிறார்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. "ஒரு நிமிஷம் வேகமா, ஆழமா மூச்சு விடுங்க பாப்போம்" என்றார். அவர் விட்டார். அரை நிமிடம் தாண்டவில்லை, தலை கிறுகிறுத்தது, உதடு மரத்தது, விரல் நுனி ஊசி குத்தியது.

"சார், இதேதான்! இதேதான் சார் வந்துச்சு!"

"நான் மருந்து எதுவும் குடுக்கலையே? உங்க மூச்சுதான் குடுத்துச்சு."

தேவைக்கு மேல் வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கும். கிறுகிறுப்பும் மரத்துப்போவதும் இந்தக் கரியமில வாயுக் குறைவால் வருகிறவை. அந்தக் கிறுகிறுப்பை மாரடைப்பு என்று மனசு படித்துக்கொள்ளும், பயம் கூடும், மூச்சு இன்னும் வேகமாகும். 1986-இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கில உளவியலாளர் விளக்கிக் காட்டிய வட்டம் இது. உடம்பின் சாதாரணச் சலசலப்பைப் பேராபத்து என்று தப்பாகப் படிப்பதே வேர் என்றார் அவர். மயங்கி விழுந்துவிடுவேனோ என்ற பயத்துக்கும் டாக்டரிடம் பதில் இருந்தது: மயக்கம் ரத்த அழுத்தம் இறங்கினால் வருவது, இந்த நேரத்தில் அது பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும்.

செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரங்களில் படபடப்பு கொஞ்சம் கூடுவது போலக்கூட இருக்கும், பயந்து நிறுத்த வேண்டாம், தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்காது என்றார். கடையில் கப் கப்பாகக் குடிக்கும் காபியைக் குறைக்கச் சொன்னார். அல்பிரசோலத்தைப் படிப்படியாக நிறுத்த ஒரு அட்டவணை போட்டுத் தந்தார். அது முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று கறாராகச் சொன்னார்.

வீட்டுப்பாடமும் உண்டு. மாடிப்படியில் ஓடி ஏறி நெஞ்சை அடிக்க விட வேண்டும். நின்ற இடத்தில் சுற்றித் தலையைக் கிறுகிறுக்க விட வேண்டும். அந்த உணர்வோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, அவர் பையனுக்கு நல்ல விளையாட்டாகப் போயிற்று, கூடவே சுற்றினான்.

ஆடி, சனி

தர்மபுரி புறநகர் நிலையத்தில் சேலம் பஸ் ஏறினார், ஓட்டுநராக அல்ல, பயணியாக. கூட யாரும் இல்லை. பாளையம் தாண்டியதும் வந்துவிட்டது. இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தார். மூச்சை மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டார். முன் சீட்டுக் கம்பியின் பெயின்ட் உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, வந்தா வரட்டும் என்று விட்டார். பக்கத்தில் இருந்த பாட்டி முறுக்கு தின்றுகொண்டே, எங்கே இறங்கணும் என்று கேட்டார். ஓமலூர் வருவதற்குள் வடிந்துவிட்டது.

இந்த 'வந்தா வரட்டும்' கிட்டத்தட்ட ஒரு வைத்திய முறை. ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962-இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, நேரத்தைக் கடக்க விடு. பிளாஸ்டிக் பையிலோ காகிதப் பையிலோ மூச்சு விடும் பழைய வித்தை மட்டும் வேண்டாம். உண்மையிலேயே நெஞ்சு நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது விபரீதமாகும்.

ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல் போய், கூட்டத்தில் பாதி வழியில் திரும்பியதும் இதே மாதத்தில்தான். அன்று வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, மறுநாள் வழக்கம்போலப் படியில் ஓடினார்.

ஆவணி, திங்கள்

அட்டவணை முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு, பகல் லோடு. தொப்பூர் ஆஞ்சநேயர் கோயிலில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்தார், எப்போதும் போல. கியரைக் குறைத்து இறக்கத்தில் விட்டார். நியூட்ரலில் டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. இரட்டைப் பாலத்தருகே நெஞ்சு ஒரு முறை துள்ளியது. முன்னால் போன கன்டெய்னரிடமிருந்து இடைவெளியைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவே.

சேலம் மண்டியில் தக்காளிக்கு விலை இல்லை. நடைக் கூலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மண்டிக்காரர் இழுத்தார். அதற்கு ஒரு சண்டை போட்டார். இரவு லோடுக்கு எப்போது வருவாய் என்று மண்டிக்காரர் கேட்டதற்கு, புரட்டாசியில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மாத்திரை வாங்க ஓ.பி. நேரத்துக்குள் தர்மபுரி திரும்ப வேண்டுமே என்று காலிக் கிரேடுகளை ஏற்றினார்.