ஏழு புள்ளிகளும் ஓர் உடைமையாளரும்

1946 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி, ஹேசில்டன் போன்ற நிலக்கரி நகரங்களின் அணிகள் ஒன்றுகூடி ஒரு கூடைப்பந்து லீக்கைத் தொடங்கின. இன்று உலகமே அறிந்த என்.பி.ஏ. அதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் இளையது. மூத்தது சிறியதாகவே நின்றுவிட, இளையது பெரியதாக வளர்ந்தது. குடும்பங்களிலும் நடப்பதுதான். வார இறுதிகளில் மட்டும் ஆடிய கிழக்கு மாநிலத்து லீக் அது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரம் வரை அதன் அணிகள் பரவியதும் 'கிழக்கு' என்ற அடைமொழி பொருந்தாமற்போக, 1978-இல் கான்டினென்டல் கூடைப்பந்துச் சங்கம் என்று பெயர் மாறியது. சி.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது இன்று இல்லை. அது இல்லாமற்போன விதம் நம் மனத்தைச் சில காலமாக அரித்துக்கொண்டிருக்கிறது.

தமிழ் கற்பிக்கும் நமக்கும் அமெரிக்கச் சிற்றூர்க் கூடைப்பந்துக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு ஒரு நண்பர் வழியாக வந்தது. முதுகலையில் நம்மோடு ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பரின் தம்பி, 1990-களின் இறுதியில் தெற்கு டக்கோட்டா மாநிலத்தின் சியூ ஃபால்ஸ் நகரத்தில் வேலையில் இருந்தார். அண்ணனுக்கு எழுதும் கடிதங்களில் நமக்கும் இரண்டு வரி சேர்ப்பார். நாளடைவில் அந்த இரண்டு வரி இரண்டு பக்கமாயிற்று. பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் முதலில் எழுதினார். பிறகு ஸ்கைஃபோர்ஸ் என்ற அணியைப் பற்றி மட்டுமே எழுதினார். வாரம் ஒருமுறை அரங்கிற்குப் போய் நாலாயிரம் பேரோடு சேர்ந்து கத்திவிட்டு வந்தால் அந்த ஊரில் தாமும் ஒருவர் என்று தோன்றுவதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். புலம்பெயர்ந்தோர் எழுத்துகளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அந்த ஒரு வாக்கியத்தின் எளிமை அவற்றில் பலவற்றுக்கு வாய்க்கவில்லை என்பது நம் கருத்து.

அவர் மிக விரித்து எழுதியது சி.பி.ஏ.வின் புள்ளி முறையை. ஜிம் ட்ரக்கர் ஆணையராக இருந்த காலத்தில் புகுத்தப்பட்ட முறை அது. ஓர் ஆட்டத்துக்கு ஏழு புள்ளிகள். வென்ற அணிக்கு மூன்று. எஞ்சிய நான்கும் ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கப்பட்டவை. எந்தக் கால்பகுதியில் எந்த அணி முந்தியதோ அதற்கு அந்த ஒரு புள்ளி. ஆகவே முதல் மூன்று பகுதிகளில் முப்பது புள்ளிகள் பின்தங்கிய அணிக்கும் கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களில் ஆடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. தோற்பது உறுதியான பின்னும் அந்தப் பகுதியை மட்டும் வென்று ஒரு புள்ளியோடு வீடு திரும்பலாம். மூன்று பகுதிகளை நூலிழையில் வென்று, ஒன்றில் பெரிதாகச் சறுக்கி, ஆட்டத்தைத் தோற்ற அணிக்கு மூன்று புள்ளி கிடைக்கும். வென்ற அணிக்கு நான்குதான். தோல்விக்குள்ளும் இத்தனை தரம் பிரித்துப் பார்த்த கணக்கு வேறெங்கேனும் உண்டா என்று நாம் வியந்திருக்கிறோம். கூட்டம் பாதியில் எழுந்து போகாமலிருக்கச் செய்த வணிகத் தந்திரம்தான் அது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் தந்திரம் என்பதற்காகவே அதில் ஒரு நீதி இருக்கக்கூடாது என்பதில்லை.

அங்கு ஆடியவர்கள் யார்? பெரிய லீக்கின் வாசற்படியில் நின்றவர்கள். சனவரி தொடங்கிவிட்டால் என்.பி.ஏ. அணிகள் பத்து நாள் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கலாம். ஒருவருக்கு ஒரே அணி இருமுறை அப்படித் தரலாம். அதன்பின் பருவம் முழுவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். இந்தப் பத்து நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் ஊர் அது. சீடர் ராப்பிட்ஸ் அணிக்கு ஆடிய ஜான் ஸ்டார்க்ஸ் பின்னர் நியூயார்க் நிக்ஸுக்குப் போய் 1994-இல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். ராக்ஃபோர்டில் ஆடிய புரூஸ் போவன் சான் அன்டோனியோவோடு மூன்று பட்டங்கள் வென்றார். பயிற்சியாளர்களுக்கும் அதுவே பள்ளிக்கூடம். ஃபில் ஜாக்சன் ஆல்பனி அணிக்கு 1984-இல் பட்டம் வாங்கித் தந்த பிறகே சிகாகோவுக்குப் போனார். அதே ஆல்பனி, ஜார்ஜ் கார்ல் பயிற்றுவித்த 1990-91 பருவத்தில் ஐம்பத்தாறு ஆட்டங்களில் ஐம்பதை வென்றது. சொந்த ஊரில் ஒன்றைக்கூடத் தோற்கவில்லை. ஆயினும் பட்டம் விச்சிட்டா ஃபால்ஸ் அணிக்குப் போயிற்று.

இனி உடைமைக்கு வருவோம். 1999 வரை ஒவ்வோர் அணிக்கும் தனித்தனி முதலாளிகள். உள்ளூர் வணிகர், வழக்கறிஞர், சில இடங்களில் பலர் கூட்டாக. பெரும்பாலோர் நட்டப்பட்டார்கள். ஓர் அணி இந்த ஆண்டு இந்த ஊரில் இருக்கும், அடுத்த ஆண்டு வேறு மாநிலத்தில் வேறு பெயரில் முளைக்கும். கோடைக்காலக் கடிதங்களில் நண்பரின் தம்பி அணியின் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை. அடுத்த பருவம் உண்டா, யார் வாங்குகிறார், யார் விலகுகிறார் என்பதே பேச்சாக இருக்கும். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. எனினும் அந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு இருந்ததை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு முதலாளி வீழ்ந்தால் ஓர் அணிதான் வீழ்ந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அந்த லீக் சாகாமலிருந்ததற்கு, தவணை முறையில் சிறிது சிறிதாகச் செத்துக்கொண்டிருந்ததே காரணம் என்று தோன்றுகிறது.

1999 அக்டோபரில் ஐசேயா தாமஸ் வந்தார். டெட்ராய்ட் அணிக்கு 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்று தந்த ஆட்டக்காரர். டொராண்டோ அணியின் பங்குதாரராக இருந்து, முழு உரிமை கைகூடாமல் 1997-இல் விலகியவர். ஏறத்தாழ ஒரு கோடி டாலருக்கு லீக்கையும் அதன் ஒன்பது அணிகளையும் மொத்தமாக வாங்கினார். ஒன்பது ஊர்களின் அணிகளுக்கும் ஒரே உடைமையாளர். ஆட்டக்காரர்களின் ஊதியம் குறைக்கப்பட்டது. இளைஞர்களை வளர்க்கும் களமாக லீக்கை மாற்றுவது அவருடைய எண்ணம். பிழையான எண்ணமென்று சொல்ல மாட்டோம். என்.பி.ஏ. பிறகு செய்ததும் அதைத்தான்.

2000 மார்ச்சில் என்.பி.ஏ.வே விலை பேசியது. ஒரு கோடியே பத்து லட்சம் டாலர், மேலும் இலாபத்தில் ஒரு பங்கு. தாமஸ் மறுத்தார். மறுத்ததில் ஒரு பேராசை இருந்தது என்று எழுதியவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. தான் வளர்க்கப்போவதாக நம்பிய ஒன்றை வாங்கிய விலைக்கே ஏறக்குறைய விற்க யார்தான் ஒப்புவார்? ஆனால் வாங்க வந்தவர் யாரென்பதை அவர் எடைபோட்டிருக்க வேண்டும். சி.பி.ஏ.வுக்கு வருமானமும் கௌரவமும் எந்தத் திசையிலிருந்து வந்தனவோ அந்தத் திசையிலிருந்தே அந்த விலையும் வந்தது. அந்தக் கோடையிலேயே என்.பி.ஏ. தனக்கென ஒரு வளர்ச்சி லீக்கைத் தொடங்கப்போவதாக அறிவித்துவிட்டது.

அதே கோடையில் இந்தியானா பேசர்ஸ் அணி தாமஸைப் பயிற்சியாளராக அழைத்தது. என்.பி.ஏ. விதிப்படி அதன் பயிற்சியாளர் ஒருவர் இன்னொரு லீக்கை உடைமையாக வைத்திருத்தல் ஆகாது. ஆட்டக்காரர் சங்கத்துக்கு விற்கும் பேச்சும் நிறைவேறவில்லை. முடிவில் லீக்கை மூன்றாமவர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு அவர் இந்தியானா போனார். உடைமை அவருடையதுதான், அதில் கண் வைக்கவோ கை வைக்கவோ அவருக்கு உரிமையில்லை. 'உடையவன் பாராத வேலை ஒரு முழம் கட்டை' என்று நம் ஊரில் சொல்வார்கள். உடையவன் பார்க்கவே கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்ட வேலையை அந்தப் பழமொழி எண்ணிப் பார்த்திருக்காது.

அந்த இடைக்காலத்துக் கடிதங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆட்டம் நடக்கிறது, அரங்கில் விளக்கு எரிகிறது, அட்டவணையில் ஏழு புள்ளிகள் பிரிக்கப்படுகின்றன. ஆனால் லீக் யாருடையது என்று கேட்டால் அணி அலுவலகத்தில் நுழைவுச்சீட்டு விற்கும் பெண்மணிக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். வாங்க ஆளில்லை, விற்க வேண்டியவர் வேறொரு நகரத்தில் வேறொரு அணியின் வெற்றிக்காக உழைத்துக்கொண்டிருந்தார். 2001 பிப்ரவரி 8 அன்று, பருவத்தின் நடுவில், சி.பி.ஏ. ஆட்டங்களை நிறுத்தியது. நட்டத்தில் நின்றுபோன லீக்குகள் அமெரிக்காவில் ஏராளம். நடுப்பருவத்தில் ஒரே நாளில் எல்லா அணிகளும் ஒன்றாக நின்றதுதான் இதில் தனி. ஒரே கையில் குவிந்த உடைமையின் விளைவு அது. ஒன்பது முதலாளிகள் இருந்திருந்தால் ஒன்பது பேரும் ஒரே வியாழக்கிழமையில் வீழ்ந்திருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. உடைமை என்ற சொல் எவ்வளவு விசித்திரமானது என்பதற்காக. 1976-இல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் கலைந்து, அதன் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. சேர்க்கப்படாத கென்டக்கி அணியின் முதலாளி முப்பத்து மூன்று லட்சம் டாலர் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார். செயின்ட் லூயிஸ் அணியை வைத்திருந்த சில்னா சகோதரர்கள் இருபத்திரண்டு லட்சத்தோடு ஒரு நிபந்தனையும் கேட்டார்கள். சேர்ந்த நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, என்றென்றைக்கும். அன்று அது அற்பத் தொகை, கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை. 2014-இல் அந்த 'என்றென்றைக்கும்' என்ற சொல்லின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கி முடிக்க என்.பி.ஏ. ஏறத்தாழ ஐம்பது கோடி டாலர் தர ஒப்பியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு பந்தைக்கூடத் தட்டாத அணி அதன் முதலாளிகளுக்குச் சம்பாதித்துத் தந்தது. தினமும் பந்து தட்டிய சி.பி.ஏ.வின் ஆட்டக்காரர்களோ நடுத்தெருவில் நின்றார்கள். தாளில் எழுதப்பட்ட உடைமைக்கும் தரையில் ஆடப்படும் ஆட்டத்துக்கும் இடையே எந்தக் கட்டாயத் தொடர்பும் இல்லை என்பதை வேறு எப்படிச் சொல்வது?

சியூ ஃபால்ஸ் உட்பட ஐந்து அணிகள் வேறொரு சிறு லீக்கில் ஒதுங்கி அந்தப் பருவத்தை முடித்தன. அந்த லீக்கும் அத்துடன் முடிந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே சி.பி.ஏ. என்ற பெயர் மீண்டும் எழுப்பப்பட்டு 2009 வரை நலிந்து நடந்தது. 2001 நவம்பரில் என்.பி.ஏ.வின் வளர்ச்சி லீக் தென்கிழக்கு மாநிலங்களில் எட்டு அணிகளோடு தொடங்கியது. எட்டுக்கும் உடைமை என்.பி.ஏ.வே. தாமஸின் ஏற்பாட்டுக்கும் இதற்கும் வடிவத்தில் வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு உடைமையாளரின் பணப்பையில் இருந்தது. 2017-இல் ஒரு பானத்தின் பெயரால் ஜி லீக் என்று பெயர் மாறிய அது, 2024-25 பருவத்தில் 31 அணிகளோடு ஆடியது. மெக்சிகோ நகர அணி ஒன்று நீங்கலாக மற்ற முப்பதும் ஆளுக்கொரு என்.பி.ஏ. அணியைத் தாயாகக் கொண்டவை.

நிலைத்தன்மை பற்றிய ஐயம் இப்போது இல்லை. அணி அடுத்த ஆண்டு இருக்குமா என்று கோடையில் கடிதம் எழுத வேண்டியதில்லை. எனினும் வேறோர் ஐயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாருக்காக ஆடுகிறார்கள்? தாய் அணிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டால், இங்கே நாளை இறுதியாட்டம் என்றாலும் அவர் கிளம்ப வேண்டும். இந்த ஊர் வெல்வது தாய் அணிக்கு முதன்மையான கவலை அல்ல. பழைய சி.பி.ஏ.விலும் ஆட்களை அழைத்துக்கொண்டார்கள்தான். ஆனால் போகிறவர் பெரிய இடத்துக்குப் போகிறார் என்று ஊர் வழியனுப்பியது. இப்போது அவர் முன்பே அவ்விடத்துக்குரியவர். கிளைக்கு அனுப்பப்பட்டிருந்தார், அவ்வளவே.

ஸ்கைஃபோர்ஸ் இவை அனைத்தையும் கடந்து இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 1989-இல் தோன்றியது, சி.பி.ஏ. சாகும்போது உடனிருந்தது, எழுந்தபோதும் உடனிருந்தது, 2006-இல் வளர்ச்சி லீக்கில் சேர்ந்து 2016-இல் அங்கும் பட்டம் வென்றது. 2017-இல் மயாமி ஹீட் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. பனி உறையும் ஊரின் அணிக்குக் கடற்கரை நகரம் எசமானாயிற்று. நண்பரின் தம்பி அந்த ஊரை விட்டு வந்து வெகுநாளாகிறது. மயாமி வாங்கிய செய்தியை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அணியின் பழைய ஏழு புள்ளி அட்டவணைகளை வெட்டி ஒட்டிய நோட்டுப் புத்தகம் இன்னும் தம்மிடம் இருப்பதாகவும் எழுதியிருந்தார். ஜி லீக் அட்டவணையில் வெற்றி என்றும் தோல்வி என்றும் இரண்டு பத்திகளே இருக்கின்றன. கால்பகுதிகளை வென்றவருக்கு அங்கே கணக்கு இல்லை.