கோலமாவுக் கோடு

எங்கள் வீட்டு அம்பாஸடர் காருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 2014-ல் அந்த ரகக் காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆனாலும் அப்பா ஓட்டிய வண்டியை விற்க மனம் வருமா? ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பாராமல் ஓட்டி அதன் எஞ்சினைப் பாழாக்கிய புண்ணியவான் நானேதான். ஆகவே நானே வேறு எஞ்சின் மாற்றுவது என்று தீர்மானித்தேன்.

"பேனா பிடிக்கிற கைக்கு இந்த வேலை எதற்கு?" என்றாள் என் மனைவி.

கேட்டேனா? புதுப்பேட்டையில் அதே ரக எஞ்சின் ஒன்று அகப்பட்டது. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதியும் வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனனும் நானும் வேலையில் இறங்கினோம். முதலில் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றினோம். பெட்ரோல் குழாயின் முனையை அடைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல், ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகே காருக்கு அடியில் படுத்தோம். ரேடியேட்டரிலிருந்து வடித்த கூலண்டை மனைவி உடனே மூடி எடுத்து வைத்தாள். அது தித்திப்பாக இருக்குமாம். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது எஞ்சினைத் தூக்க வேண்டும். போர்ட்டிகோ உத்தரத்தில் பழைய ஊஞ்சல் வளையங்கள் இருந்தன. "செயின் பிளாக்கை அதிலே மாட்டிவிட்டால் போகிறது!" என்றேன்.

"அது ஆள் ஆடுவதற்குப் போட்ட வளையமடா! இந்த இரும்புக் குன்றைத் தாங்குமா?" என்றாள் அம்மா.

தெருமுனை மெக்கானிக்கிடம் கிரேன் வாடகைக்கு எடுத்தேன். "தொங்குகிற எஞ்சினுக்குக் கீழே விரல்கூடப் போகக்கூடாது சார், பழைய டயர் இரண்டு போட்டு வையுங்கள்" என்றார் அவர்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, கோலமாவை எடுத்து வந்து காரைச் சுற்றித் தள்ளி ஒரு கோடு போட்டாள். "இதைத் தாண்டினால் சாயங்காலம் பீச் கிடையாது" என்று ஐந்து வயது மகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "சீதைக்குப் போட்ட கோடு போலிருக்கிறதே!" என்று நான் சிரித்தேன்.

எஞ்சின் மெல்ல மேலே எழும்பி வெளியே வந்தது. அதே சமயம் மகளின் பந்து உருண்டு அதன் அடியில் போய் நின்றது. குழந்தை ஓடி வந்தாள். கோட்டருகே வந்ததும் சட்டென்று நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மறு நிமிஷம் 'டமார்!' சங்கிலியைப் பிணைத்திருந்த போல்ட்டின் மரை தேய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எஞ்சின் டயர்மேல் விழுந்தது. பந்து அப்பளமாயிற்று.

யாரும் பேசவில்லை. மனைவி குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் கைகள் நடுங்கின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல போல்ட்டுகள் வாங்கி, மெக்கானிக்கையும் கூட வைத்துக்கொண்டே புது எஞ்சினை இறக்கினேன். கார் இப்போது ஜோராக ஓடுகிறது. "யார் சார் எஞ்சின் மாற்றினது?" என்று கேட்பவர்களிடம், "நான்தான்" என்கிறேன். கோடு போட்டது யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.